காம்பு மட்டும் இருக்கட்டும்

இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. நாள்காட்டியில் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஜனவரி இருபத்தொன்றிலிருந்து பிப்ரவரி இருபத்துமூன்று வரை முப்பத்துமூன்று நாள். இலை எடுத்த முப்பதாம் நாளிலிருந்து முப்பத்தைந்தாம் நாளுக்குள் இந்த மரம் பூத்துவிடும்; போன வருடம் முப்பத்திரண்டு, அதற்கு முந்தின வருடம் முப்பத்துநாலு. நாளைக்குத் தள்ளினாலும் பூக்கும்தான், ஆனால் நடுவில் நாலு நாள் மேகம் போட்டு வெயில் இல்லாமல் போனால் பிந்தும், பிந்தினால் மகள் சுகந்தி வந்து வெறும் குச்சிகளைப் பார்த்துவிட்டுப் போவாள். வந்தால். ஒவ்வொரு தடவையும் இந்த வந்தால் என்ற இடத்தில் கத்தரிக்கோல் நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது, மணி பத்தே கால் ஆகிறது, ஐந்து பெரிய கிளைகளில் ஒன்றுகூட முடியவில்லை, விரல் நுனிகள் இப்போதே மரத்துப்போய்விட்டன, இலைகளின் மேல் இரவுப் பனி இன்னும் ஈரமாக இருக்கிறது, ஒவ்வொன்றையும் பிடிக்கும்போது குளிர்ந்த நாக்கைத் தொடுவதுபோல இருக்கிறது. ஒரு இலை, காம்பை விட்டுவிட்டு நறுக்கு. அடுத்த இலை, காம்பை விட்டுவிட்டு நறுக்கு. கையால் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் இலைக்கு அடியில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டைக் குச்சி இருக்கிறது, அதன் நுனியில்தான் பூ மொட்டு உட்கார்ந்திருக்கிறது, இலையோடு அதுவும் ஒடிந்து வந்துவிடும். டிக் என்று சின்னச் சத்தம்தான் கேட்கும். ஒரு டிக்குக்கு ஐந்தாறு பூ உள்ள ஒரு கொத்து போய்விடும். அதனால்தான் கத்தரிக்கோல். இலையின் பச்சையை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற காம்பு பத்து நாளில் மஞ்சளாகித் தானாகவே விழும், மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் சுகந்தி. கத்தரிக்கோலும் அவளுடையது, கைப்பிடியில் அவள் சுற்றிய பச்சை நூல் கறுத்துப்போயிருக்கிறது.

அவளுக்குச் சொன்னது நாற்றுக்கடை ஜெர்வாஸ். கன்று வாங்கி வந்த அன்று நானும் கூட இருந்தேன், ஆறடிக் குச்சியும் நாலு இலையுமாக இருந்ததை ஜீப்பின் பின்னால் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தோம், கிராப் ஆப்பிள் என்று அவர் சீட்டில் எழுதியிருந்தார், தெருவில் எல்லோரும் குட்டி ஆப்பிள் என்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் "உங்க ஆப்பிள்" என்பார், எங்கள் இரண்டு பேருடைய பைத்தியம் அது என்கிற மாதிரி. "இது குளிர் நாட்டு மரம்மா," என்றார் ஜெர்வாஸ், "கொடைக்கானல் குளிர் நமக்குத்தான் குளிர், இதுக்குப் பத்தாது. அங்கே மூணு மாசம் பனியிலே இலையெல்லாம் கொட்டிட்டு நல்லாத் தூங்கும், எழுந்திரிச்சதும் பூக்கும். இங்கே அரைத் தூக்கத்திலேயே நிக்கும். இலையும் கொட்டாது, பூவும் வராது. நாமதான் இலையை எடுத்து, குளிர் முடிஞ்சுது எழுந்திரின்னு சொல்லணும்." சுகந்தி சிரித்தாள், "பாவம், ஏமாத்துறோமா?" என்று கேட்டாள். "ஏமாத்துறதுதான்," என்றார் அவர். போன வாரம் அதே ஜெர்வாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜனவரியிலேயே எழுப்பிட்டீங்க. இந்த வருஷம் விட்டுடுங்க. வடக்குக் கிளை காயுது பாருங்க. மூணாவது வருஷமும் பண்ணினா மரம் தாங்குமான்னு எனக்குத் தெரியலை," என்றார். சரி ஜெர்வாஸ் என்றேன். சரி என்றுதான் சொன்னேன். வடக்குக் கிளையின் நுனியில் ஒரு முழம் காய்ந்துதான் இருக்கிறது, நகத்தால் கீறிப் பார்த்தேன், பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, காய்ந்த இஞ்சி நிறம். அரைத் தூக்கத்தில் இருக்கிறவரை எழுப்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஐந்து மணி வரை கூரைத் தகரம் குளிரில் சுருங்கிச் சடசடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள், ஆறு வருடமாக. இந்த மரமும் நானும் ஒரே மாதிரி நின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது, உடனே இது என்ன பேச்சு என்றும் தோன்றுகிறது, மரம் மரம்தான், அதற்கு மகள் இல்லை. நறுக்கு.

உள்ளே டிவி ஓடுகிறது. ஏதோ சமையல், ஒரு பெண் ஒரு பெயரை மறுபடி மறுபடி சொல்கிறாள், எண்ணெய் காயும் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது, டிவியில் காயும் எண்ணெய்க்கு வாசனை இல்லை. வீட்டுக்காரர் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், குரங்குக் குல்லாவும் சால்வையுமாக. முன்னால் ஸ்டூலில் காபி டம்ளர், டம்ளருக்கு அடியில் நான் காலையில் வைத்த காகிதம். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எண்களாக சுகந்தியின் நம்பரை எழுதியிருக்கிறேன். அவருடைய போனில் அந்த நம்பர் இல்லை. இருந்தது, நடுவில் போன் மாற்றியபோது ஏறவில்லை, ஏற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் ஏற்றவில்லை. "பதினொன்றரைக்கு அவளுக்கு டீ நேரம், பத்து நிமிஷம் சும்மா இருப்பா," என்று மட்டும் சொன்னேன். அவர் டம்ளரைத் தூக்கிக் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி டம்ளரை அதன் மேலேயே வைத்தார். வட்டமாக ஈரம் பட்டு நடுவில் இருக்கிற எண் கரைந்திருக்கும். ஏழா ஒன்றா என்று தெரியாமல் போயிருக்கும். பேனாவால் எழுதியது தப்பு, பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். ஓசூரிலிருந்து அவள் போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேசினாள், கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு வத்தலகுண்டில் கல்யாணம், இருபத்துமூன்றாம் தேதி ஞாயிறு, அங்கே வருகிறேன் என்றாள். வத்தலகுண்டு என்றால் மலையடிவாரம், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள், "மேலே வரேம்மா. அப்பா கூப்பிட்டா வரேன். நீ கூப்பிட்டா வரமாட்டேன், கோபம் இல்லை, நீ எப்பவும்தான் கூப்பிடுறே." போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாள், அந்தப் பார்க்கலாமை நம்பி இரண்டு தடவை இலை எடுத்தேன், இரண்டு தடவையும் யாரும் பார்க்காமல் பூத்து யாரும் பார்க்காமல் கொட்டியது. இந்தத் தடவை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். நிபந்தனை வைப்பது நல்லதுதான், வேண்டாம் என்றிருப்பவர்கள் நிபந்தனை வைக்க மாட்டார்கள். இதை நான் அவரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர், "ம்," என்றார். ஒன்பது நாளாக ம்.

இரண்டாவது கிளை கொஞ்சம் உயரம், முக்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டும், முக்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்குகிறது, ஓட்டுத் துண்டு ஒன்றை அடியில் வைத்தேன். இங்கிருந்து பார்த்தால் கூடத்து ஜன்னல் வழியாக அந்தப் போட்டோவின் சட்டம் தெரிகிறது. படம் தெரியாது, கண்ணாடியில் வெளிச்சம்தான் தெரியும். தெரியாவிட்டாலும் அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நடுவில் பரணி, பக்கத்தில் அவன் மனைவி, இந்தப் பக்கம் இவர் பட்டுத் துண்டுடன், அந்தப் பக்கம் நான் மாம்பழ நிறச் சேலையில். பிள்ளையின் கல்யாணப் படம். எனக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருக்கிறது, போட்டோகிராபர் "அம்மா, கொஞ்சம் தள்ளி வாங்க" என்றபோதும் நான் தள்ளி வரவில்லை. அந்த இடத்தில் சுகந்தி நின்றிருந்தாள். அரை நிமிஷம் நின்றிருப்பாள். பாசிப்பச்சைச் சேலை, கையில் வளையல் போட்டிருந்தாள், விரல்களிலும் மணிக்கட்டிலும் வெள்ளை, உதட்டோரம் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை, அவள் எதையும் பூசி மறைத்துக்கொண்டு வரவில்லை, அழகாக இருந்தாள், இது நான் பெற்றதால் சொல்வதில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் எங்கள் பக்கம் வந்து குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், மெதுவாகத்தான், கோபமில்லாமல்தான் சொன்னார், "நீ போய்க் கொஞ்சம் பந்தியைப் பாரும்மா." பந்தியைப் பார்க்க எட்டுப் பேர் இருந்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கையில் சந்தனத் தட்டு இருந்தது. அதுதான், அந்தத் தட்டு. தட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவள் கையைப் பிடித்திருப்பேன் என்று ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தட்டைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு இலையை நறுக்குகிற நேரம். அவள் போனாள். பந்தியில் கடைசி இலை எடுக்கும் வரை நின்று பரிமாறினாள், ரசம் ஊற்றினாள், பெரியவர்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள், மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்குக் கேட்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? கேட்டது என்று தெரிந்துதான் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாளா? இந்த இரண்டில் எது மோசம் என்று மூன்று மணிக்கு விழிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன், ஐந்து மணி வரை பார்த்தாலும் முடிவதில்லை.

"என்னக்கா, மரத்துக்கு மொட்டை போடுறீங்களா?" சுவருக்கு மேல் பிலோமினாவின் தலை, ஈரத் துணியைக் கொடியில் போட வந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை கொடியில் வேலை இருக்கும். ஆமாம் என்றேன். "பழனிக்கு நேர்ந்துக்கிட்டீங்களாக்கும்? சந்தனம் நான் அரைச்சுத் தரேன், தடவி விட்ருவோம்." அவளே சிரித்துக்கொண்டாள். "போன வருஷம் போட்டீங்க, அதுக்கு முன்னாடியும் போட்டீங்க. உங்க முருகன் ரொம்பக் கேக்குறாருக்கா, எங்க மாதா ஒரு மெழுகுவத்தியோட விட்ருவாங்க." கையில் இருந்த இலையை அவள் மேல் எறிந்தேன், சுவரைத் தாண்டவில்லை. அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாள், "சுகந்தி வர்றாளா?" தெரியவில்லை என்றேன். "அண்ணன் ஏதும்..." என்று ஆரம்பித்து ஜன்னலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வருவாக்கா," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பிலோமினா நல்லவள். பழனி என்று அவள் சொன்னது அவளுக்குத் தெரியாமல் சொன்னது. சுகந்திக்குப் பத்தொன்பது வயதில் முதல் வெள்ளை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கோதுமை மாவு ஒட்டியிருக்கிறது என்று நான்தான் முந்தானையால் துடைத்தேன். துடைத்தேன், துடைத்தேன், போகவில்லை. அப்புறம் களிம்பு, அப்புறம் மதுரையில் ஒரு டாக்டர், அப்புறம் புளி ஆகாது, மீன் ஆகாது, தயிர் ஆகாது, அப்புறம் கசப்பாக ஒரு லேகியம். இது தொற்றாது, நோவு இல்லை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, நிறம் மட்டும்தான் என்று அந்த டாக்டரே சொன்னார், நாங்கள்தான் இன்னொரு டாக்டரைத் தேடினோம். ஒரு வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தேன். வாசலில் என் தலையைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சந்தனம் பூசிய தலையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள், எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். சிரிப்பு நின்றது. "எனக்கு எங்கேயும் வலிக்கலையேம்மா," என்றாள். "யாருக்கு வலிக்குது?" முடி வளர ஒன்றரை வருடம் ஆனது, பதில் வரவில்லை.

மூன்றாவது கிளையில் பாதி. இடுப்பு வலிக்கிறது, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ அங்கே ஒரு ஈரத் துணியைக் கட்டிவைத்த மாதிரி ஒரு கனம். இறங்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும், அதனால் நின்றுகொண்டே இருக்கிறேன். காலடியில் பச்சை இலைகள், சில இலைகளில் ஓரம் மட்டும் சிவந்து, மரம் தானாக உதிர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இலைகள் அவை. இப்போது நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டரைக் கிளை விழித்துக்கொள்ளும், இரண்டரைக் கிளை அரைத் தூக்கத்தில் நிற்கும். அதுவும் ஒரு மரம்தான். ஜெர்வாஸிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன். அவள் வராமல் போய், உறைபனியும் விழுந்து, மொட்டெல்லாம் கருகி, வடக்குக் கிளையில் தொடங்கிய காய்வு தண்டுக்கும் இறங்கினால், அப்புறம் ஒரு வருடம் அவள் நிஜமாகவே வந்தால், "என் மரம் எங்கேம்மா?" என்று கேட்டால்? உனக்காகத்தான் கொன்றேன் என்று சொல்லவா? இது அவள் மரம். முதல் வருடம் பூத்தபோது இதன் அடியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மொட்டு குங்குமச் சிவப்பு, விரிய விரிய ரோஸ், அப்புறம் ஓரத்திலிருந்து நிறம் விட்டு விட்டு வெள்ளையாகிறது, ஒரே இதழில் ரோஸும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. அவரும் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறம் போகுதே," என்றார், சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும், இருமினார், உள்ளே போய்விட்டார். அவர் அப்படித்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு அதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் உள்ளே போய்விடுவார், யாராவது திருத்தினால் இன்னும் உள்ளே போய்விடுவார். முப்பத்தாறு வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர், எத்தனை மழையில், எத்தனை காற்றில், பயம் என்பதே தெரியாது என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு நம்பரை அழுத்தப் பத்து எண்கள். ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது? மரத்தாலா? இல்லை, கேட்டுக்கொண்டே இருப்பதால். காலையிலிருந்து என் கை மரத்திலும் காது ஜன்னலிலும் இருக்கிறது, டிவி சத்தம் குறைகிறதா, குறைந்தால் பேசப் போகிறார், குறையாவிட்டால் இல்லை. எண்ணெய் காய்கிறது. பெண் சிரிக்கிறாள். விளம்பரம். மறுபடி பெண்.

டிவி நின்றது. சட்டென்று, வார்த்தையின் நடுவில் நின்றது. கத்தரிக்கோல் ஒரு இலையைக் கவ்வியபடியே நின்றது, நான் மணி பார்த்தேன், பதினொன்று இருபத்தெட்டு. அப்புறம்தான் பிலோமினா வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் நின்றிருப்பது தெரிந்தது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் இல்லை. தெரு முழுக்க ஒன்றும் இல்லை. மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு, செவ்வாய்க்கிழமை, பேப்பரில் போட்டிருந்தார்கள், அவரேதான் படித்துச் சொன்னார். அவ்வளவுதான். இலையை நறுக்கினேன். என்ன நினைத்தாய் சௌந்தரம், என்ன நினைத்துவிட்டாய்? சத்தமில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நாலாவது கிளைக்குப் போனேன், இந்தக் கிளையில் நறுக்கும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். நல்லது. இலை, காம்பு. இலை, காம்பு. ஒரு சின்னான் குருவி வந்து உட்கார்ந்து வாலை ஆட்டிவிட்டுப் போனது, பழம் இருந்த நினைப்பில் வந்திருக்கும், செப்டம்பரில் கோலிக்குண்டு அளவில் சிவப்புச் சிவப்பாகத் தொங்கும், பாதி அதற்கு, பாதியை உப்பும் மிளகாயும் போட்டு நான் ஊறவைத்துப் பாட்டிலில் ஓசூருக்கு அனுப்புவேன், புளிப்பில் பல் கூசும், அவளுக்குப் பிடிக்கும். பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிற பாட்டில்கள். ஆறு பாட்டில் போயிருக்கிறது. பனிமூட்டம் கீழேயிருந்து ஏறிவந்து வேலியைத் தொட்டது, பிலோமினாவின் துணிகள் மறைந்தன, வெயில் வெளிறிப்போனது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நாலாவது கிளை முடிகிற நேரம். பின்பக்கக் கதவு சத்தமிட்டது. செருப்புச் சத்தம். அவர் எனக்குப் பின்னால் வந்து நிற்பது மூச்சில் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"கரண்ட் இல்லை," என்றார். தெரியும் என்றேன். மூன்றாவது கிளையில் நான் விட்டிருந்த பாதியை அவர் பிடித்தார், உயரமான மனுஷன், முக்காலி வேண்டாம், கிளையை ஒரு கையால் வளைத்துக்கொண்டு மறு கையால் ஒரு இலையைப் பிடித்துக் கீழே இழுத்தார். டிக். இந்த மரத்தை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. "கூப்பிட்டேன்," என்றார். டிக். நான் திரும்பிவிட்டேன், கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். "டிவி இல்லை, என்ன பண்றதுன்னு தெரியலை. அந்தத் தாளை எடுத்தேன். நடுவிலே ஒரு நம்பர் அழிஞ்சு போச்சு. ஒண்ணுன்னு போட்டேன், யாரோ ஒரு ஆள் எடுத்தான், திட்டிட்டான். அப்புறம் ஏழு போட்டேன்." டிக். டிக். இலையோடு குட்டைக் குச்சிகள் அவருடைய விரலுக்குள் வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நுனியில் குண்டு குண்டாக மொட்டுடன், அவர் பார்க்காமல் கீழே போட்டார். நாலு கொத்து. நிறுத்துங்க என்று வாய் வரை வந்தது. நிறுத்துங்க என்றால் கையை எடுத்துவிடுவார், எடுத்தால் பேச்சும் நின்றுவிடும், உள்ளே போய்விடுவார். "எடுத்தாளா?" என்றேன். "எடுத்தா. யாருன்னா. அப்பான்னேன். பின்னாடி மிஷின் சத்தம் கேட்டுது." டிக். ஐந்து. "வத்தலகுண்டு வர்றியாமே, மேலே வாம்மான்னேன். சரி வரலைன்னா... இல்லை, வான்னுதான் சொன்னேன்." டிக். ஆறு. "என்ன சொன்னா?" "அந்தப் போட்டோ இன்னும் கூடத்திலே மாட்டியிருக்கான்னு கேட்டா." மூட்டம் எங்களைச் சுற்றி நின்றது, அவருடைய குல்லாவின் விளிம்பில் பொடிப் பொடியாக நீர். "நீங்க என்ன சொன்னீங்க?" "இருக்குன்னேன். அவகிட்டே என்னத்தைப் பொய் சொல்றது? கழட்டிரவான்னு கேட்டேன். வேண்டாங்கிறா. இருக்கட்டும், நான் வந்து பாக்கணும்கிறா." டிக். ஏழு. "அப்ப வர்றாளா?" "பார்க்கலாம்னா," என்றார். டிக். எட்டு.

பார்க்கலாம். அதே சொல்தான். மூன்றாவது வருடமாக அதே சொல், ஆனால் இந்த வருடம் அது என்னிடம் சொல்லப்படவில்லை. அவருடைய கை அடுத்த இலைக்குப் போனது. இப்போது சொல்லாவிட்டால் நான் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது, இப்போது என் கையில் தட்டு இல்லை. "அன்னைக்கு நீங்க அவகிட்டே சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றேன். "பந்தியைப் பாருன்னு சொன்னது. கேக்காத மாதிரி நின்னேன்." டிக். ஒன்பது. அந்தக் குச்சி அவர் விரலிலேயே நின்றது. உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், பின்கதவு திறந்தேதான் இருந்தது. அவர் கிளையை விடவில்லை. "தெரியும்," என்றார். "நீ என்னைப் பார்த்தே. நீ ஏதாவது சொல்லுவேன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா விட்டிருப்பேன்னு..." முடிக்கவில்லை. "உன் மேலே போடலை," என்றார் கொஞ்சம் கழித்து. "நான்தான் சொன்னேன்." அவர் அழவில்லை, நானும் அழவில்லை, அதற்கெல்லாம் தெம்பு இல்லை, இரண்டு பேரும் ஒரு கிளையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கூலிக்கு மரம் தூக்க வந்தவர்கள் சற்றுநேரம் இறக்கிவைத்துவிட்டு நிற்பதுபோல.

அப்புறம் அவர் அடுத்த இலையைப் பிடித்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "இழுக்காதீங்க," என்றேன். "பூ இதிலேதான் இருக்கு. இலையோட அதுவும் போகுது." அவர் கையைத் திருப்பி விரலில் ஒட்டியிருந்த குச்சியைப் பார்த்தார், குல்லாவை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார், குண்டு மொட்டை நகத்தால் தொட்டார், அப்புறம் கீழே குனிந்து காலடியைப் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்றேன். "முதல்லேயே சொல்லியிருக்கக் கூடாதா?" "நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க," என்றேன். நான் பச்சை நூல் சுற்றிய கத்தரிக்கோலை அவரிடம் கொடுத்துவிட்டு நகத்தால் நறுக்க ஆரம்பித்தேன், மெதுவாகத்தான் முடியும், ஆனாலும் முடியும். இன்னும் ஒரு கிளையும் இந்தப் பாதியும் இருக்கிறது, அப்புறம் வடக்கு நுனியின் காய்ந்த முழத்தை வெட்டிவிட்டு வெட்டிய இடத்தில் சாணி அப்ப வேண்டும், ஜெர்வாஸ் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், உறைபனி விழுகிற ராத்திரிகளில் போர்த்த ஒரு பழைய வேட்டி எடுத்துவைக்க வேண்டும். அவர் கண்ணாடியைச் சால்வையில் துடைத்து மாட்டிக்கொண்டார், ஒரு இலையைப் பிடித்தார், கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலும் கீழும் நகர்த்தினார், என் பக்கம் பார்க்காமலே கேட்டார், "இங்கேயா?" இன்னும் கொஞ்சம் மேலே என்றேன். காம்பு மட்டும் இருக்கட்டும், அது தானா விழும். அவர் நறுக்கினார். சத்தம் வரவில்லை.